பதினெட்டு லிட்டர் இதயம்

பதிப்பகத்தில் அவளுக்கு விடையம்மா என்று பெயர். கணினியில் பக்கம் கட்டுகிறவர் எப்போதோ வேடிக்கையாக வைத்தது, மேலாளர் முதல் பார்சல் கட்டுகிறவர் வரை எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்லூரிப் பாடப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் விடைகள் போட்டிருப்பார்கள் அல்லவா, அவை சரிதானா என்று ஒவ்வொரு கணக்காகப் போட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. விடை சரியாக இருந்தால் அவள் என்று ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. தப்பாக இருந்தாலோ, தப்புப் பண்ணியவரை விட்டுவிட்டு, அதைச் சொல்ல வந்த இவளைப் பார்த்துத்தான் எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள்.

வேதியியலில் முதுகலை படித்தவள். ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குச் செய்முறை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்லூரியை நடத்தியவர்கள் ஒருநாள் கட்டடத்தைத் துணிக்கடைக்காரருக்கு விற்றுவிட்டார்கள். அமிலப் புட்டிகள் நின்ற வரிசையில் இப்போது திரைச்சீலைகள் தொங்குகின்றன. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிக்கொண்டுதான் பதிப்பகத்தில் சேர்ந்தாள். மகள் அப்போது கைக்குழந்தை. இப்போது மகள் கல்லூரிக்கே போகிறாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

அவளுக்குக் கொடுத்த இடம் காகிதக் கிடங்கை ஒட்டி ஒரு மூலை. ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஒரு மேஜை மின்விசிறி உண்டு. போட்டால் காகிதங்கள் பறக்கும், போடாவிட்டால் இவள் வேர்த்து வழிவாள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, காதுக்கு மேல் பென்சிலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கணக்குகளில் வரும் ஆட்களை அவளால் வெறும் கணக்காக நினைக்க முடியாது. 'ஒரு நோயாளிக்கு' என்று ஆரம்பித்தால் போதும், அந்த நோயாளிக்கு ஒரு கட்டில், தலையணை, வெளியே பெஞ்சில் கவலையாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனைவி எல்லாம் அவள் மனசில் வந்துவிடும். அப்புறம் அந்த ஆளுக்கு யாராவது கண்ட வேகத்தில் மருந்தை ஏற்றினால் கோபம் வராமல் என்ன செய்யும்? ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள். 'யார் இந்த டாக்டர்?' 'இப்படி ஏற்றினால் ஆள் காலி.' ஒருமுறை, பக்கம் கட்டுகிறவர் அதையும் திருத்தம் என்று நினைத்துக் கேள்வியோடு சேர்த்துவிட்டார். புத்தகம் 'ஆள் காலி' என்ற வரியோடு அச்சாகிக் கடைகளுக்கும் போய்விட்டது. ஆள் காலி என்பது விடையா அல்லது குறிப்பா என்று கேட்டு ஒரு கல்லூரியிலிருந்து கடிதமே வந்தது. அன்றைக்கு மேலாளர் இவளைக் கூப்பிட்டு, "கோபம் வந்தா ஜன்னலைத் திறந்து திட்டுங்கம்மா, ஓரத்துல எழுதாதீங்க" என்றார். சுவரைப் பார்த்து எவ்வளவு நேரம்தான் திட்டுவது?

பதிப்பகத்துக்குச் சோறு போடுவது ஒரே ஒரு புத்தகம். நர்சிங், இயன்முறை மருத்துவம், ஆய்வகத் தொழில்நுட்பம் என்று எதைப் படிக்க வந்தாலும் முதல் வருஷத்தில் அறிவியல் கணக்குகள் போட்டே ஆக வேண்டும். பாய்மங்கள், வேதியியல், உடலியங்கியல் என்று மூன்று பாகமாக அந்தக் கணக்குகளைத் திரட்டி, பேராசிரியர் ஒருவர் எழுதிய தடிப் புத்தகம் அது. பேராசிரியர் ஓய்வு பெற்று வெகு நாளாகிவிட்டது. புத்தகத்துக்கு மட்டும் ஓய்வே இல்லை. ஐந்தாம் பதிப்புக்கு வேலை நடந்துகொண்டிருந்தது.

அதைத் திருத்த உட்கார்ந்தாலே விடையம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். உப்பு தண்ணீரில் கரைந்தால் சோடியம் ஒரு துகள், குளோரைடு ஒரு துகள் என்று இரண்டாகப் பிரியும் என்பதை ஒரு கணக்கு மறந்தேபோயிருந்தது. இழுக்கிற மூச்செல்லாம் நுரையீரலின் பைகளுக்குப் போய்ச் சேராது, கொஞ்சம் வழிக்குழாயிலேயே நின்றுவிடும் என்பதை இன்னொன்று கண்டுகொள்ளவில்லை. ஒரு கணக்கு, நோயாளிக்கு நிமிஷத்துக்கு 41.67 சொட்டு ஏற்ற வேண்டும் என்றது. "இந்த அறுபத்தேழை எந்த நர்ஸம்மா எண்ணுவா? சொட்டைக் கத்தியால வெட்டுவாளா?" என்று ஜன்னலைத் திறந்து சுவரிடம் கேட்டாள்.

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது நூற்றுப் பதினேழாம் கணக்கு.

'ஓய்வில் படுத்திருக்கும் ஒரு மனிதனின் பெருந்தமனியின் விட்டம் 2 செ.மீ. அதில் இரத்தம் சராசரியாக நொடிக்கு 25 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. அவருடைய இதயம் ஒரு நிமிஷத்தில் எத்தனை லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது?'

பெருந்தமனி என்பது இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாய். விட்டம் இரண்டு என்றால் ஆரம் ஒன்று. ஆரத்தை வைத்துக் குழாயின் வாயளவைக் கண்டுபிடித்து வேகத்தால் பெருக்கினால் 4.71 லிட்டர் வரும். படுத்திருக்கிற மனிதனுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்திலோ 18.84 என்று போட்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் ஆரம் போட வேண்டிய இடத்தில் விட்டத்தையே போட்டுப் பெருக்கியிருக்கிறார். விடை நாலு மடங்காகிவிட்டது. பாவம் அந்த மனிதன், கட்டிலில் படுத்துக்கொண்டே ஓட்டப்பந்தயக்காரனைப் போல இரத்தத்தை இறைத்துக்கொண்டிருந்தான். போன பதிப்பிலேயே இதைச் சிவப்பு மையில் எழுதிக்கொடுத்தாள். "சார் பாத்துக்கிறேன்னுட்டாரு" என்று மேலாளர் சொன்னார். சார் பார்த்துக்கொண்டே இருந்தார் போலிருக்கிறது. 18.84 அப்படியே அச்சானது.

அந்த வருஷம் மகள் இயன்முறை மருத்துவம் சேர்ந்திருந்தாள். அவர்களுக்கும் அதே புத்தகம்தான். வகுப்புத் தேர்வு முடிந்து, தாள் கொடுத்த அன்று சாயங்காலம் பையைச் சோபாவில் வீசி எறிந்துவிட்டு நின்றாள்.

"அம்மா, இதப் பாரு. நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே போட்டேன். பூஜ்யம்."

விடையம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். நூற்றுப் பதினேழு. வரி வரியாகச் சரியான வழி, 4.71 என்ற சரியான விடை, அதன்மேல் கோபமாக ஒரு சிவப்புக் கோடு.

"நீ கேக்கலையா?"

"கேட்டேன். பின்னாடி விடையைப் பாரு, 18.84னு இருக்குன்னாரு லெக்சரர்."

"அது தப்புன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்மா. எங்க அம்மாதான் அந்தப் புத்தகத்துக்கே விடை திருத்துறாங்கன்னுகூடச் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"அப்போ ஏன் திருத்தலைன்னு கேட்டாரு."

விடையம்மா தாளை மறுபடி புரட்டினாள். "மத்தவங்க எல்லாம் எப்படிப் பதினெட்டு கொண்டுவந்தாங்க? விட்டம்னு கேள்வியிலயே போட்டிருக்கே?" என்றாள்.

"அதெல்லாம் யாரு பாக்குறா? பின்னாடி விடையைப் பாத்துக்குவோம். அது வர்ற வரைக்கும் எதையாவது பெருக்குவோம், வகுப்போம். வந்ததும் நிறுத்திடுவோம்."

"எதையாவதா?"

"எல்லாரும் அப்படித்தான்மா."

சமையலறைத் தொட்டியில் கிரீஸ் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த கணவர் சிரித்துவிட்டார். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்.

"உங்களுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?"

"இல்ல, என் வேலையில லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கிறவன் கத்துவான். உடனே ஓடிப்போய்ச் சரிபண்ணுவோம். உன் வேலையில தப்பு நடந்தா ஒருத்தனும் கத்த மாட்டேங்குறான். அதான் எல்லாருக்கும் சேத்து நீயே கத்துற."

"நான் எங்க கத்துறேன்?" என்று கத்தினாள்.

மறுநாள் மகளின் விடைத்தாளை எடுத்துக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குப் போனாள். மேலாளர் நல்ல மனிதர்தான். பிரச்சினை என்று எதைக் கொண்டுபோனாலும் முதலில் உட்காரச் சொல்வார், அப்புறம் டீ சொல்வார், டீ வருவதற்குள் பிரச்சினை தானாகப் போய்விடாதா என்று பார்ப்பார்.

"விடையை மாத்தி, பழைய புத்தகம் வெச்சிருக்கிறவங்களுக்குப் பிழைத்திருத்தச் சீட்டு ஒண்ணு அச்சடிச்சு எல்லாக் கல்லூரிக்கும் அனுப்பணும் சார்."

"சீட்டா? சீட்டுப் போட்டா, மத்த கணக்கெல்லாம் சரியான்னு சந்தேகம் வந்துடும்மா."

"வரட்டுமே. வர வேண்டிய சந்தேகம்தானே?"

"பேராசிரியர் மனசு கஷ்டப்படும். அவரைக் கேக்காம நான் ஒரு புள்ளிகூட மாத்த முடியாது. நீங்களே போய்ப் பேசிட்டு வந்துடுங்களேன்." டீ வந்தது. பிரச்சினை போகவில்லை, ஆனால் அவர் மேஜையிலிருந்து இவள் கைக்கு மாறியிருந்தது. அவருக்கு அது போதும்.

பேராசிரியர் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் தனியாக இருந்தார். லிஃப்டில் 'வேலை செய்யவில்லை' என்று அட்டை தொங்கியது. கணவரை மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டே படியேறினாள். மூச்சு வாங்க அவள் வாசலில் நின்றதும் கதவு திறந்தது. சலவை கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. கூடத்துச் சுவரோரம் அவருடைய புத்தகத்தின் நாலு பதிப்பும் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன.

"பதிப்பகத்துலேர்ந்து வர்றேன் சார். நூத்திப் பதினேழாவது கணக்கு விஷயமா."

"என்ன, புரியலையா? உக்காருங்க, சொல்லித் தர்றேன்."

விடையம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தாளை நீட்டி, "நீங்களே ஒருதடவை போட்டுக் காட்டுங்க சார்" என்றாள்.

அவர் ஒரு பேனாவை உருவினார். விட்டம், ஆரம், வர்க்கம், பெருக்கல் என்று மளமளவென்று எழுதினார். பழகிய கை, எங்கேயும் நிற்கவில்லை. கடைசியில் 4.71 என்று எழுதி அடிக்கோடும் இழுத்துவிட்டு, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். துடைத்தாலும் 18.84 போகவில்லை.

"முதல் பதிப்புக்கு விடையெல்லாம் யார் சார் போட்டது?"

"என்கிட்ட முதுகலை படிச்ச பசங்க. ஆளுக்கொரு அத்தியாயம் பிரிச்சுக் கொடுத்தேன்."

"நீங்க பாக்கலையா?"

"கேள்விகளை நான் பாத்தேன்" என்றார், கம்பீரம் குறையாமல்.

"சரி சார், இப்போ விடையை மாத்திடலாமில்ல?"

"விடையை மாத்த வேண்டாம்."

"சார்?"

"நாலு பதிப்பா அதே விடை. வினாத்தாள் எடுக்கிறவங்க, வழிகாட்டி எழுதுறவங்க எல்லாரும் பதினெட்டு எண்பத்திநாலுன்னே வெச்சிருக்காங்க. இப்போ மாத்தினா இத்தனை வருஷமும் தப்புன்னு ஆயிடும்."

"தப்புதானே சார்!"

"அதனால கேள்வியை மாத்திடுங்க. விட்டம் நாலு செ.மீ.னு போடுங்க. ஆரம் ரெண்டு. பதினெட்டு எண்பத்திநாலு தானா வந்துடும்."

இப்படி ஒரு வழி இருக்கும் என்று விடையம்மாவுக்குத் தோன்றியதே இல்லை. கணக்கு சரியாகத்தான் வரும். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நாலு செ.மீ.ன்னா அது வீங்கின தமனி சார். அந்த ஆளை உடனே ஸ்கேனுக்கு அனுப்பணும். அவனைப் போய் ஓய்வா படுத்திருக்கான்னு எழுதுறீங்களே! படுத்துக்கிட்டே நிமிஷத்துக்குப் பதினெட்டு லிட்டர் அடிக்கிறது மனுஷன் இதயமே இல்ல, குதிரையோட இதயம்!"

பேராசிரியர் முகம் மலர்ந்தது. "குதிரைன்னே போட்டுடுங்களேன்."

அவள் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. மனசாட்சி என்று ஒன்று சில நேரத்தில் ஆளையே காட்டிக்கொடுத்துவிடும். ஆய்வுக்கூட நாட்களில் படித்த அட்டவணை ஒன்று கண்முன் வந்து நிற்க, வாய் தானாகச் சொன்னது: "முழுக் குதிரைக்கு இது பத்தாது சார். மட்டக்குதிரைக்கு வேணா சரியா இருக்கும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் அவர் எழுதிக்கொண்டுவிட்டார். 'ஓய்வில் நிற்கும் ஒரு மட்டக்குதிரையின் பெருந்தமனியின் விட்டம் 4 செ.மீ.'

மற்ற திருத்தங்களுக்கு அவர் அவ்வளவாக முரண்டுபிடிக்கவில்லை. உப்பைப் பிரித்துக்கொள்ளச் சொன்னார், மூச்சைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். பிழைத்திருத்தச் சீட்டு என்றதும் மட்டும் காது கேளாதவர் மாதிரி ஜன்னலைப் பார்த்தார். கிளம்பும்போது விடையம்மா மகளின் தாளைக் காட்டி, "உங்க புத்தகத்தால என் பொண்ணுக்கு மார்க் போச்சு சார்" என்றாள். அந்த லெக்சரர் அவருடைய பழைய மாணவர்தான் என்று தெரியவந்தது. "நான் சொல்றேன்" என்று தொலைபேசியை எடுத்தார். வாசல் வரை வந்து, "எல்லாக் கணக்கையுமா போட்டுப் பாத்தீங்க?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"முழுசா யாருமே போட்டதில்ல" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானே போட்டதில்ல" என்றார்.

இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமலே அவள் படியிறங்கினாள்.

மகளுக்கு மார்க் வந்துவிட்டது. ஆனால் வந்த வழிதான் சரியில்லை. பேராசிரியர் தொலைபேசியில் சொன்னதைக் கேட்ட லெக்சரர், 4.71 எழுதிய ஒருத்திக்கு மார்க் போட்டார், 18.84 எழுதிய மற்ற எல்லாருக்கும் இருந்த மார்க்கைப் பிடுங்கிவிட்டார். வகுப்பே மகள் மேல் பாய்ந்தது. கேன்டீனில் பக்கத்தில் உட்கார ஆளில்லை. செய்முறை வகுப்பில் கட்டுப்போடப் பழகுவதற்குக் கை நீட்ட ஒருத்தியும் வரவில்லை. தன் கையிலேயே கட்டுப்போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"உன்னை யாரும்மா போகச் சொன்னா? எனக்கு அந்த மார்க்கே வேண்டாம்னு போய்ச் சொல்லிடட்டுமா?"

"சரியா போட்டதுக்கு வந்த மார்க்டி அது!"

"சரியா போட்டு என்ன பிரயோஜனம்? மத்தியானம் நான் தனியா சாப்பிடுறேன்."

மாணவர்கள் திரண்டு போய் முறையிட்டார்கள். லெக்சரர் மிரண்டு, இனி தலைவலி வேண்டாம் என்று அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் மார்க் என்று அறிவித்தார். எதையும் எழுதாமல் இடம் விட்டிருந்தவர்களுக்கும் சேர்த்து. தோழிகள் திரும்பி வந்தார்கள். மகள் நிம்மதியாகச் சிரித்தாள். விடையம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "சரியும் ஒண்ணு, தப்பும் ஒண்ணு, வெத்துத் தாளும் ஒண்ணுன்னா நான் எதுக்கு அங்க உக்காந்து போட்டுக்கிட்டிருக்கேன்?" என்று கணவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் தட்டை எடுத்து வைத்தார். பசியில் இருக்கிறவளிடம் வாதம் பண்ணக் கூடாது என்பது அவர் அனுபவம்.

ஐந்தாம் பதிப்பு வெளிவந்தது. மட்டக்குதிரை நூற்றுப் பதினேழாம் இடத்தில் ஓய்வாக நின்றுகொண்டிருந்தது. பேராசிரியரின் கற்பனை வளத்தைப் பாராட்டி, விலங்குகளையும் பாடத்துக்குள் கொண்டுவந்தது புதுமை என்று ஒரு ஆசிரியர் கடிதம் எழுதினார். மேலாளர் அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசித்தார்.

புத்தகம் கடைக்குப் போய்க் கொஞ்ச நாளில் பேராசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். விஷயம் இதுதான்: அன்றைக்கு விடையம்மா போன பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு புதுக் கட்டுத் தாள் வாங்கி வைத்துக்கொண்டு, தன் புத்தகத்தின் முதல் கணக்கிலிருந்து ஒவ்வொன்றாகத் தானே போட ஆரம்பித்துவிட்டார். பாய்மங்களை முடித்து வேதியியலுக்கு வந்திருந்தார்.

"அம்மா, ஒரு சின்னச் சந்தேகம். அமிலத்தைத் தண்ணியில கலந்தா அது காரமாயிடுமா?"

"எப்படி சார் ஆகும்? அமிலத்தை எவ்வளவு தண்ணியில கரைச்சாலும் அமிலம்தான்."

"நானும் அப்படித்தான் படிச்சேன். முந்நூத்தி ரெண்டைக் கொஞ்சம் பாருங்க."

விடையம்மா புத்தகத்தைத் திறந்தாள். துளியோ துளி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பெருந்தண்ணீரில் கரைத்தால் பி.எச். என்ன ஆகும் என்பது கேள்வி. விடை: 8. சுத்தமான தண்ணீருக்கு 7. அதற்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். தண்ணீருக்கென்று இருக்கிற பங்கைச் சேர்க்காமல் சூத்திரத்தில் எண்ணை மட்டும் போட்டால் 8 என்று வரும். 6.98 என்றுதான் வர வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வருஷா வருஷம் அவளே மாணவர்களை எச்சரித்த பொறி அது. திருத்தப் பிரதியை உருவிப் பார்த்தாள். முந்நூற்றிரண்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு 'சரி' போட்டிருந்தது. அவள் கைதான்.

"சார், நான்தான் இதுக்குச் சரி போட்டிருக்கேன்" என்றாள்.

"பரவாயில்லைம்மா. எனக்கும் ரெண்டு தடவை எட்டுதான் வந்தது. மூணாவது தடவைதான் உறைச்சது." அவர் குரலில் குத்தல் இல்லை, உற்சாகம்தான் இருந்தது. அதுதான் இன்னும் குத்தியது.

அன்று முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பாய்மத்திலோ உடலியங்கியலிலோ தவறியிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொள்ளலாம். வேதியியலில்! அமிலத்தில்! ஜன்னலைத் திறந்தாள், சுவரிடம் திட்டுவதற்கு இந்த முறை வேறு ஆளே இல்லை. மூடிவிட்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

"முந்நூத்தி ரெண்டு தப்பு சார். என் தப்பு. நான் பாத்து விட்டது."

"உங்க தப்பா?" மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் கேட்டறியாத சொல் அது. "சரி விடுங்கம்மா, அடுத்த பதிப்புல…"

"அடுத்த பதிப்பு இல்ல சார். சீட்டு. இப்பவே. புதுப் புத்தகத்துல தப்பு இருக்குன்னு திருத்துறவளே சொல்றேன். சீட்டுப் போடலைன்னா எனக்குத் தூக்கம் வராது, உங்களையும் உக்கார விட மாட்டேன்."

"அதுக்குத்தான் பேராசிரியர் ஒத்துக்க மாட்டாரே?"

"கேளுங்க."

மேலாளர் டீ சொல்லாமலேயே தொலைபேசியை எடுத்தார். பேராசிரியர் இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அவர் சொன்னது விடையம்மாவுக்கே கேட்டது: "போட்டுடுங்க. அந்தம்மா தப்பு மேல, என் தப்பு கீழ. நூத்திப் பதினேழையும் சேத்துப் போடுங்க. பழைய பதிப்புல மனுஷன்னு இருந்தவனுக்கு நாலு புள்ளி ஏழு ஒண்ணுதான். இன்னும் உடலியங்கியல் பாக்கி இருக்கு, நான் போட்டு முடிக்கிற வரைக்கும் சீட்டுக்குக் கீழ கொஞ்சம் இடம் விட்டு வையுங்க."

இடம் விட்டு வைக்கவில்லை; ஆனால் சீட்டு வந்தது. உள்ளங்கை அகலம், மஞ்சள் காகிதம். கிடங்கில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் சீட்டை வைத்தபோது பார்சல் கட்டுகிறவர், "உங்க பேரையும் இதுல போட்டிருக்கலாம்ல விடையம்மா" என்றார். "தப்புக்கா?" என்று அவள் முறைத்தாள். கல்லூரிகளுக்கும் கட்டுக்கட்டாக அனுப்பினார்கள். லெக்சரர் வகுப்பில் அதை உரக்கப் படித்தார் என்றும், படித்துவிட்டு இது தேர்வுக்கு வராது என்றார் என்றும் மகள் வந்து சொன்னாள்.

ஒரு நாள் காலையில் பேருந்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் நர்சிங் சீருடையில் ஒரு பெண், மடியில் அதே தடிப் புத்தகம். அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, பழசு. நோட்டில் ஏதோ போட்டு அடித்து, மறுபடி போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். விடையம்மா பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கண் கேட்கவில்லை. நூற்றுப் பதினேழு.

"உனக்கு என்னம்மா வருது?"

அந்தப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "நாலு புள்ளி ஏழு ஒண்ணுதான் ஆன்ட்டி வந்துக்கிட்டே இருக்கு. பின்னாடி பதினெட்டுன்னு இருக்கு. எங்க தப்புன்னே தெரியல."

"நீ போட்டது சரி. புத்தகம் தப்பு."

"புத்தகம் எப்படி ஆன்ட்டி தப்பா இருக்கும்?"

"மஞ்சள் சீட்டு ஒண்ணு வந்திருக்குமே, பாக்கலையா?"

"இது எங்க சித்தி படிச்ச புத்தகம். சீட்டெல்லாம் இல்ல."

விடையம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். எத்தனை சித்திகளோ, எத்தனை அலமாரிகளோ. எல்லா வீட்டுக்கும் போய்ச் சீட்டு ஒட்ட முடியுமா? காதிலிருந்து பென்சிலை எடுத்து, புத்தகத்தை வாங்கி, கடைசிப் பக்கத்தில் 18.84-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள். அப்படியே ஒரு விரலால் கீழே தடவிப் பார்த்தபோது உப்புக் கணக்கு கண்ணில் பட்டது. அதையும் அடித்தாள். மூச்சுக் கணக்கு, அப்புறம் முந்நூற்றிரண்டு.

"ஆன்ட்டி, என் புத்தகம்…" என்றாள் அந்தப் பெண், பயந்துபோய்.

"இரும்மா, இன்னும் கொஞ்சம்தான்" என்றாள் விடையம்மா, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே. பதிப்பகம் இருந்த தெரு ஜன்னலுக்கு வெளியே வந்து, பின்னால் போயிற்று.